சகாயராணி ரீச்சர் திருப்பி எழுதச் சொன்ன கடிதம்

தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். ஜெனி. சகாயராணி ரீச்சரின் ஒரே மகள்.

"சேர், அம்மா செத்துட்டா. காலையில ஆறு மணிக்கு. கிட்னி ரெண்டும் வேலை செய்யல்ல, அது உங்களுக்குத் தெரியும். கடைசி ரெண்டு நாளும் பேசல்ல. நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு எடுக்கிறம். வாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் தமிழ் ஆசிரியர். ஒரு சாவைச் சொல்வதற்கு எங்களிடம் எத்தனையோ பதமான சொற்கள் உண்டு. மரண அறிவித்தல் எழுதித் தரும்படி ஊரார் என்னிடம்தான் வருவார்கள். ஜெனி அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் திருவலையில் இருந்தபடியே அழுதேன். சகாயராணி ரீச்சர் வளர்த்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

சனி ஞாயிறு தோறும் புளியந்தீவில் எங்களோடு பல்கலைக்கழக முதுமாணிப் பட்ட வகுப்பில் இருந்தவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கடல் கடந்து போய்விட்டீர்கள். சிலர் அதிபர்களாகவும் பணிப்பாளர்களாகவும் உயர்ந்து, என்னை வழியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள். பரவாயில்லை. நம்மில் பத்துப் பேருடைய பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டம், சகாயராணி ரீச்சர் இல்லாவிட்டால் இருந்திருக்காது. அவரை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

நாங்கள் எல்லாரும் ஆசிரியர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை படிப்பிப்போம். சனியும் ஞாயிறும் படிப்போம். நான் கதிரவெளியில் இருந்து விடியவே பஸ் எடுப்பேன். வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எட்டு மணிக்கும் வருவேன், பத்தரைக்கும் வருவேன். சகாயராணி ரீச்சருக்கு வீடு கல்லடியில். பாலத்தைக் கடந்தால் வகுப்பு. அப்படியிருந்தும் அவர்தான் எப்போதும் கடைசியாக வந்து சேர்வார். முதல் மாதத்தில் ஒரு நாள் அலுவலகத்தில் இருந்து ஒருவர் வந்து, உங்கள் வகுப்புக்கு ஒரு பிரதிநிதி வேண்டும், பெயர் தாருங்கள் என்றார். எல்லாரும் குனிந்து கொப்பியைப் பார்த்தோம். சண்டை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த அந்தக் காலத்தில் எந்தப் பட்டியலிலும் தன் பெயர் இருப்பதை நம் ஊரில் ஒருவரும் விரும்பியதில்லை. அது பால்மா கொடுக்கும் பட்டியலாக இருந்தாலும் யோசிப்பார்கள். கடைசியில் நான்தான் வழி சொன்னேன்: இன்னும் வந்து சேராதவர் எவரோ அவரைப் போடுவோம். ரீச்சர் மூச்சு வாங்க வாங்க உள்ளே நுழைந்தபோது தெரிவு முடிந்திருந்தது.

"பிரதிநிதி எண்டா என்ன வேலை?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கதிரையில் இருந்து விசிறிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நீங்க போகப் பயப்படுற அறைக்குள்ள நான் போகவேணும். அதுதானே? சரி, போறன். ஆனா எனக்கிட்டப் பொய் சொல்லி அனுப்பக் கூடா" என்றார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் முதலில் போன இடம் நூலகம். வேலை நாட்களில் மட்டும் திறப்பார்கள்; நாங்கள் வேலை நாட்களில் வகுப்பறையில் நிற்போம். கடிதம் கொடுத்துப் பார்த்தார். பதில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூட்டிய நூலக வாசற்படியில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த சனிக்கிழமை அவரோடு ஆறு பேர். அதற்கடுத்த சனிக்கிழமை வகுப்பு முழுவதும் அங்கேதான் சாப்பிட்டது. கருவாட்டுக் குழம்பு வாசம் மேல் மாடி அலுவலகம் வரை போயிருக்க வேண்டும். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஏன் இங்கே இருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டவருக்கு, "திறந்த உடன உள்ள போக வசதியா இரிக்கும்" என்றார். அந்த மாதமே சனிக்கிழமைகளில் நூலகம் திறந்தது.

அவர் கணித ஆசிரியை. எங்களில் பாதிப் பேருக்குப் புள்ளிவிபரவியல் விளங்காத பாடம். ஞாயிறு பின்னேரங்களில் தன் வீட்டு விறாந்தையில் எங்களை இருத்திப் படிப்பித்தார். பொறுமை கொஞ்சமும் கிடையாது. பென்சிலால் மேசையில் தட்டுவார், பிழை விட்டால் கொப்பியை இழுத்துத் தானே எழுதுவார், எங்களுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்காமல் திறந்து மீன் பொரியலை எடுத்துக்கொள்வார். எனக்கு, சராசரியில் இருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் நியம விலகல் என்பது எத்தனை தரம் படித்தும் விளங்கவில்லை. ஒரு நாள் கேட்டார்:

"சேர், திரும்பிப் போற பஸ் ராவைக்கு எத்தின மணிக்கு உங்கட ஊருக்கு வரும்?"

"சராசரியா ஒம்பது மணிக்கு."

"அந்த சராசரிய நம்பி உங்கட மனிசி தேத்தண்ணி ஊத்தி வைப்பாவா?"

"மாட்டா. ஒரு நாளைக்கு எட்டு, ஒரு நாளைக்கு பத்தரை."

"அந்த மாட்டா எண்ட சொல்லுக்குத்தான் சேர் நியம விலகல் எண்டு பேர்."

இன்றுவரை நான் ஆசிரியர்களுக்குப் புள்ளிவிபரம் சொல்லிக் கொடுக்கும்போது அந்தப் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறேன்.

பிறகு கடல் வந்தது. அதைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. வாசிப்பவர்களில் பலர் அந்தத் தண்ணீருக்குள் நின்றவர்கள். கல்லடியில் ரீச்சரின் வீட்டில் ஜன்னல் உயரத்துக்குக் கடல் நின்றது. அவரும் கணவரும் ஜெனியும் கூரையில் ஏறித் தப்பினார்கள். கதிரவெளியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியது. என் தங்கை போய்விட்டாள். சில மாதம் கழித்து வகுப்புகள் தொடங்கின. வருவோம், இருப்போம், எழும்பிப் போவோம். ஆய்வேடு எழுதி முடிக்க வேண்டிய திகதி கடந்துவிட்டது. ரீச்சரும் நானும் உட்படப் பதினொரு பேர் கொடுக்கவில்லை. அப்போதுதான் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி ஒட்டினார்கள்: காலநீடிப்புக்கு விண்ணப்பிக்காதவர்களின் பதிவு இரத்தாகும். பதிவு இரத்தானால் எல்லாப் பாடங்களும் முதலில் இருந்து. வீடும் போய் அதுவும் போனால் மறுபடி தொடங்க எங்களில் ஒருவருக்கும் தெம்பு இருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான். வகுப்பில் தமிழ் நன்றாக எழுதுபவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது. "தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் அறியத்தருவது யாதெனில், தவிர்க்க முடியாத காரணங்களினால் எனது ஆய்வேட்டை உரிய காலத்தில் சமர்ப்பிக்க இயலாது போயிற்று" என்று தொடங்கி, ஒரு பக்கத்துக்கு வழுவழுவென்று போகும் கடிதம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லீவுக் கடிதம் எழுதப் பழக்கும்போது நாம் எல்லாரும் கரும்பலகையில் எழுதிப்போடும் வசனம் அது. காய்ச்சல் என்றாலும் கல்யாண வீடு என்றாலும் 'தவிர்க்க முடியாத காரணம்' என்று எழுதினால்தான் கடிதம் மரியாதையாக இருக்கும் என்பது நம்முடைய நம்பிக்கை. பதினொரு பேரும் அதை அப்படியே பார்த்து எழுதி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

பதினொரு கடிதங்களும் ஒரே நாளில் திரும்பி வந்தன. காரணம் குறிப்பிடப்படவில்லை என்று மேலே எழுதியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஊரே கடலில் போனது இவர்களுக்குத் தெரியாதா, இதற்கு ஒரு காரணம் வேறு எழுதிக் காட்ட வேண்டுமா என்று வகுப்பு விறாந்தையில் நின்று கத்தினேன். ரீச்சர் பதினொரு கடிதங்களையும் வாங்கி, படியில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க என்ன இருந்தது, எல்லாம் ஒன்றுதானே. ஆனாலும் பதினொன்றையும் வாசித்தார்.

"சேர்ர கடிதம் நல்ல வடிவு," என்றார். "ஆனா அதுக்குள்ள ஆக்கள் ஒருத்தரும் இல்ல."

"கடல் வந்தது அவங்களுக்குத் தெரியாதா ரீச்சர்?"

"கடல் வந்தது தெரியும். கடல் உங்களுக்கு என்ன செஞ்சது எண்டு தெரியா. அத நீங்க சொல்லல்லத்தானே. நான் உள்ள போய் என்னத்தச் சொல்ல, பதினொரு பேருக்கும் தவிர்க்க ஏலாமப் போயிற்று எண்டா?"

விண்ணப்பங்களைப் பார்க்கும் பல்கலைக்கழகக் குழு கூடுவதற்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. அதற்குள் ஒவ்வொருவரும் தன் காரணத்தைத் தன் சொல்லில் திருப்பி எழுத வேண்டும் என்றார். முன்மாதிரி கேட்டவர்களுக்குத் தன்னுடைய கடிதத்தையே காட்டினார். அவர் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும். அதில் இருந்தது இதுதான்: 'எனது ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள் உப்புத் தண்ணீரில் நனைந்து ஒட்டிவிட்டன. பிரிக்க முடியவில்லை. எனது மகளுக்கு எட்டு வயது. தண்ணீருக்குப் பயந்து அவள் தனியாகக் குளிக்கமாட்டாள், தனியாகப் படுக்கமாட்டாள். நான் எழுதும் நேரம் அவளோடு போகிறது. ஒரு வருடம் தந்தால் எழுதி முடிப்பேன்.' அதை வாசித்துவிட்டு, இதில் இலக்கண நயம் ஒன்றும் இல்லையே என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ரீச்சரைத் தவிர எட்டுப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் நல்லதம்பி சேரும் கொடுக்கவில்லை. இரண்டு கிழமையாக நான் வகுப்புக்கும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை பத்து மணிபோல, கதிரவெளியில் நாங்கள் இருந்த தற்காலிகக் கொட்டிலுக்கு முன்னால், கையில் குடையும் பைலுமாக ரீச்சர் நிற்கிறார். முதல் முறையாக நேரத்துக்கு வந்திருந்தார் என்று சொல்லலாம்.

அம்மா பாய் விரித்தார். "ஆரு மகன் இவ?"

"எங்கட வகுப்புப் பிரதிநிதி, அம்மா."

"நான் சகாயராணி. கல்லடி," என்று ரீச்சர் பாயில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "குறிப்புக் கொப்பியெல்லாம் கடலோட போயிற்றா சேர்?" என்றார்.

போகவில்லை. அதுதான் சங்கடம். என் ஆய்வு மீன்பிடிக் கிராமங்களில் பிள்ளைகள் ஏன் பாடசாலைக்கு வராமல் நிற்கிறார்கள் என்பது பற்றியது. வீடு வீடாகப் போய்க் கேட்டு நான் கிறுக்கிக்கொண்டு வருவதையெல்லாம், என் தங்கைதான் அழகாகக் கொப்பிகளில் எழுதி, கோடு போட்டு, அட்டவணை ஆக்கித் தருவாள். கொப்பிகள் இருந்த தகரப் பெட்டி தாழை மரங்களுக்குள் செருகிக் கிடந்து அகப்பட்டது. காயவைத்து எடுத்தாயிற்று. எல்லாம் வாசிக்கலாம். என்னால் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவளுடைய எழுத்து.

இதை ரீச்சரிடம் சொன்னேன். வேறு ஆட்களென்றால் தலையைத் தடவியிருப்பார்கள், கடவுள் சித்தம் என்றிருப்பார்கள். இவர், "தங்கச்சிட பேர் என்ன?" என்று கேட்டார்.

அந்தப் பெயரைக் கடலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா தாங்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. நான் தாங்கமாட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "அவ செத்தத வைச்சு நான் பட்டம் எடுக்கவா ரீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல. அவ எழுதினத நீங்க முடிக்கிறதுக்கு ஒரு வருசம் கேக்கிறீங்க. அவ ஆர் எண்டு சொல்லாம எப்பிடிக் கேப்பீங்க?"

அப்போது அடுப்படிப் பக்கம் நின்ற அம்மா சொன்னார்: "சுகந்தி. எழுதுங்க மகள். சுகந்தி."

ரீச்சர் எழுதவில்லை. பேனையை என்னிடம் நீட்டினார். நான் எழுதிய முதல் வசனம், 'எனது சகோதரி கடற்கோளினால் காவுகொள்ளப்பட்டார்' என்பது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் கரும்பலகை" என்றார். வெட்டிவிட்டு எழுதினேன்: 'எனது தங்கை சுகந்தி கடலில் இறந்துவிட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனது குறிப்புகள் அவளுடைய கையெழுத்தில் இருக்கின்றன. அவற்றைத் திறக்க எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும்.' நாலு வசனம் எழுத ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அதுவரை ரீச்சரும் அம்மாவும் வெளியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரலில் அந்தப் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது.

இனி நல்லதம்பி சேர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் படிப்பித்தவர். எங்கள் எல்லாரிலும் மூத்தவர், சத்தமில்லாத மனிதர். குழு கூடுவதற்கு முதல் நாள் பின்னேரம்தான் வந்தார். கையில் வெறும் தாள். புளியந்தீவில் வாவிக் கரையோரம் நாங்கள் மூவரும் நின்றோம். சுற்றிப் பார்த்துவிட்டு அவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"மகனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க ரீச்சர். சோதினை எழுதியிருந்தான். மனிசி சாப்பிடுறா இல்ல. நான் வயல் வட்டையெல்லாம் அலைஞ்சு தேடுறன். படிக்கிற எண்ணமே இல்ல. ஆனா பதிவு போனா அதுவும் ஒரு சாவு மாதிரி."

யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் நம் ஊர்ப் பேச்சில் எழுவாய் இல்லாத வசனங்கள் நிறைய. வாசிப்பவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். அந்த வசனத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, ஓர் அலுவலகக் கோவையில், அந்தப் பைலுக்குள், போட்டால் அது யார் கையில் எல்லாம் போகும் என்பதும் நமக்குத் தெரியும். பையன் திரும்பி வரும் வழியை அந்தத் தாளே அடைத்துவிடலாம்.

எழுதத்தான் வேண்டும் என்று ரீச்சர் பிடிவாதமாக நிற்பாரோ என்று எனக்குப் பயம். அவர் என் பக்கம் கிறுகி, "சேர், உங்கட பழைய கடிதம் கைவசம் இரிக்கா?" என்றார்.

இருந்தது. பையில் மடித்துத்தான் வைத்திருந்தேன்.

"நல்லதம்பி சேர், இதப் பாத்து அப்பிடியே எழுதுங்க. ஒரு சொல்லும் மாத்த வேணாம். இந்தக் கடிதம் இதுக்குத்தான் நல்லம்." அவர் எழுதி முடித்ததும் மை காயும்வரை ஊதி, பைலில் வைத்தார். "மிச்சத்த நான் வாயால சொல்றன்."

அடுத்த நாள் குழு அறைக்குள் போகும்போது என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார். நீள மேசை. எங்கள் கல்விப் பீடத்துக்குத் தலைவரான பீடாதிபதி நடுவில் இருந்தார். கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்கள். என்னுடையதைப் பீடாதிபதியே சத்தமாக வாசித்தார். சுகந்தி என்ற பெயர் அந்த அறையில் ஒலித்தபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு வருடம் என்று ஓரத்தில் எழுதினார். இப்படிப் பத்துக் கடிதங்கள் போயின. பதினோராவதை எடுத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பழைய கடிதம். இவர் காரணம் எழுதவில்லை."

"ஓம் சேர். எழுதல்ல," என்றார் ரீச்சர்.

"ஏன்?"

"எழுத ஏலா சேர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மற்றப் பத்துக் காரணத்தையும் விடப் பெரிய காரணம். அதக் கேக்க வேணாம் எண்டு உங்களுக்கிட்டக் கேக்கத்தான் நான் வந்தன். ஒரு பிரதிநிதிய இந்த அறைக்குள்ள எடுத்தது இதுக்குத்தானே சேர்?"

ஒருவர், விதியில் அப்படி இடமில்லை என்றார். இன்னொருவர், பிறகு எல்லாரும் இப்படியே கேட்பார்கள் என்றார். ரீச்சரின் விரல் மேசையில் தட்டத் தொடங்கியது. அவருக்குப் பயம் வந்தால் அப்படித்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பீடாதிபதி எங்கள் மண்ணைச் சேர்ந்தவர். தாளைப் பார்த்தார், அதில் இருந்த விலாசத்தைப் பார்த்தார். படுவான்கரை விலாசம். அங்கே பிள்ளைகள் பிடிபடுவதை அவரும் அறிவார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "பிரதிநிதி சொல்றத நான் நம்புறன்" என்று ஓரத்தில் ஒரு வருடம் என எழுதினார். வெளியே வந்ததும் ரீச்சர் படியில் இருந்து என் தண்ணீர்ப் போத்தலைப் பறித்துக் குடித்தார்.

அந்த ஒரு வருடமும் ஒரு வருடமாக இருக்கவில்லை. மறுபடி சண்டை. எங்கள் கதிரவெளி உட்பட வாகரைப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்தோம், அதற்குப் பிறகு படுவான்கரை. ஒவ்வொரு முறையும் ரீச்சர் உள்ளே போய்க் காலத்தை நீட்டிக்கொண்டு வந்தார். நான் அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்துதான் சுகந்தியின் கொப்பிகளைத் திறந்தேன். எழுதினேன், கொடுத்தேன், பட்டம் எடுத்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் முடித்தார்கள். நல்லதம்பி சேரும் முடித்தார். கடைசியாக, சண்டை முழுவதும் ஓய்ந்த பிறகு, எங்கள் பிரதிநிதி தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். பரீட்சகர் அதில் ஒரு கட்டுத் திருத்தம் சொல்லி அனுப்பினார். எங்களுக்கெல்லாம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு இவ்வளவு திருத்தமா என்று நான் கேலி பண்ணினேன். "உங்கட கடிதத்தத் திருத்தினதில எனக்கு என்ட தமிழ் பழுதாப் போயிற்று" என்றார்.

நல்லதம்பி சேரின் மகன் திரும்பி வந்தான். சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, மெலிந்து, ஒரு காது கேளாமல், ஆனால் உயிரோடு வந்தான். சில மாதம் கழித்து நல்லதம்பி சேர் ரீச்சரைத் தேடிக் கல்லடிக்குப் போயிருக்கிறார். கையில் ஒரு கடிதம். என்னுடைய கோவையில் ஒரு தாள் காரணம் இல்லாமல் கிடக்கிறது, அது எனக்கு உறுத்துகிறது, இப்போது எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றாராம். ரீச்சர் அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். பட்டமும் கொடுத்துக் கோவையும் மூடியாயிற்று, இனி இதற்கு அவசியமில்லை என்றார் எழுதுவினைஞர். "உங்களுக்கு அவசியமில்ல தம்பி, எங்களுக்கு அவசியம்" என்று ரீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். நூலக வாசலில் இருந்தவரை யார் எழுப்ப முடியும்? பெடியன் உள்ளே போய்க் கோவையைத் தேடி எடுத்து வந்து, அந்தத் தாளுக்கு மேலே இந்தத் தாளைக் கோர்த்தான். இரண்டு பக்கக் கடிதம் என்று நல்லதம்பி சேர் பிறகு என்னிடம் சொன்னார். நான் வாசிக்கவில்லை, கேட்கவுமில்லை.

கடைசி இரண்டு வருடமும் ரீச்சர் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தார். ஒருமுறை நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, காத்திருக்கும் இடத்தில் நோயாளரோடு வருபவர்களுக்குக் கதிரை இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை மணித்தியாலம் நிற்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். கதிரைகள் வந்தன என்று ஜெனி சொன்னாள். ஜெனி இப்போது முதுமாணி படிக்கிறாள். அவளுடைய வகுப்புக்கு அவள்தான் பிரதிநிதி. இம்முறை யாரும் தந்திரம் பண்ணித் தெரிவு செய்யவில்லை, தானே கை உயர்த்தினாளாம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். எண்பது கடந்துவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார். மனைவி நண்டுக் கறி ஆக்கியிருந்தாள். சோற்றுக் கோப்பையில் கறியை விட்டுக்கொண்டே அம்மா, "சுகந்திக்கு நண்டெண்டா உசிர்" என்றார். என் மகள் நிமிர்ந்து, "மாமிக்கு வேற என்னெல்லாம் விருப்பம் அப்பம்மா?" என்று கேட்டாள். அம்மா சொல்லத் தொடங்கினார். நண்டு, பாலைப்பழம், மழைக்குள் நனைவது, அண்ணன்ட கொப்பிக்குக் கோடு போடுவது. சோறு ஆறிப்போகும்வரை சொன்னார். சகாயராணி ரீச்சரிடம் இருந்து நான் வைத்திருப்பது என்னவென்று கேட்டால், பட்டத்தைச் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் என் தங்கையின் பெயர் இருக்கிறது, அதைச் சொல்வேன்.